சிந்தனைக்கும் இயந்திரம் வடித்த சார்லஸ் பாபேஜ்

லண்டனில் 1791-ஆம் ஆண்டு பிறந்த கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் காலத்தில், கணிப்பான் என்பது கருவியன்று. ஊதியத்துக்குக் கணக்கிடும் மனிதர். மாலுமிகள் நம்பியிருந்த அட்டவணைகளில் மனிதப் பிழைகள் மலிந்திருந்தன. அப்பணியைப் பற்சக்கரங்களிடம் ஒப்படைக்க பாபேஜ் முனைந்தார்.

பிரான்சில் டி புரோனி, மடக்கை அட்டவணைப் பணியைக் கூறுகளாகப் பிரித்து, எளிய கணக்கு மட்டுமே அறிந்தவர்களைக் கொண்டு முடித்திருந்தார். ஆலை உழைப்பைப் போலவே அறிவு உழைப்பையும் பகுக்க இயலும் என்பதற்கு அதனையே சான்றாக்கி, 1832-இல் பாபேஜ் நூல் வெளியிட்டார்.

பிரிட்டன் அரசு சுமார் 17,000 பவுண்டு செலவிட்டும் இயந்திரம் நிறைவுறவில்லை; 1842-இல் அரசு கைவிட்டது. தறியின் துளை அட்டைகளால் இயங்கவிருந்த அடுத்த இயந்திரமும் பெரும்பாலும் வரைபடமாகவே நின்றது. 1871-இல் அவர் காலமானார்.

அவரது வரைபடத்தின்படி லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் உருவாக்கிய இயந்திரம் சரியாகக் கணக்கிட்டது. கணக்கிடுவதே அறிவின் உச்சம் என்ற மனிதப் பெருமிதத்தை அசைத்தவற்றுள் அவரது சக்கரங்களும் உண்டு.