‘பார்க்கலாம்’ என்று சொன்ன தலைவர்



நிர்வாகக் குழு கூடும்போதெல்லாம் நம்மிடம் சில மனுக்கள் வருகின்றன. தென் மாவட்டத்திலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த இளைஞருக்குத் தங்க ஓர் அறை வேண்டும். ஒரு தாய்க்கு மகளின் திருமணத்திற்கு உதவி வேண்டும். ஒப்பந்த வேலையை இழந்தவருக்கு ஒரு மாத வாடகை வேண்டும். மனுவை வாங்கிக்கொண்டு நாம் பெரும்பாலும் சொல்லும் சொல் ‘பார்க்கலாம்’ என்பதே. அதைக் கேட்டவர் நம்பிக்கையோடு வீடு திரும்புவதும் மனம் சோர்ந்து திரும்புவதும், சொன்னவரை அவர் எப்படி அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு சொல்லைத் தம் பெயரோடு சேர்த்தே நாடு நினைவில் வைத்திருக்கும்படி வாழ்ந்தவர் பெருந்தலைவர் காமராசர் அவர்கள். இவ்வாண்டு மலரில் அன்னாரின் வாழ்வை எழுத முற்பட்டதற்கு அதுவே காரணம்.

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் விடுதலைப் போராட்டம். ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறைவாசம். இவை யாவும் நம் வாசகர்கள் பாடநூல்களில் படித்தவையே.

1954 ஏப்ரல் 13 அன்று அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். அடுக்குமொழியும் அலங்காரப் பேச்சும் மேடைகளை ஆண்ட காலம் அது. காமராசரோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதுபோல் பேசினார். கோரிக்கையோடு வந்தவரிடம் அவர் சொன்னது ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்ற இரண்டு சொற்கள். எதிர்த்தரப்பினர் இதைக் கேலி செய்ததுண்டு. ஆனால், நடக்கக்கூடியது என்று அவர் கருதினால்தான் அச்சொல் வரும் என்றும், வந்துவிட்டால் காரியம் நடக்கும் என்றும் அவரை நெருங்கி அறிந்தோர் சொல்லிவந்தனர். அது வாக்குறுதியைவிடச் சிறிய சொல். ஆகவே பொய்யாகும் வாய்ப்பும் குறைவு. பெரிய சொல்லைச் சொல்லிவிட்டு முகத்தை மறைத்துத் திரிவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் என்பது நம் கருத்து.

முதல்வரான போது கட்சிக்குள் தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம், அவரது பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். அந்த இருவரையுமே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார் காமராசர். தம்மையும் சேர்த்து எட்டே பேர் கொண்ட அமைச்சரவை அது. தோற்றவரைக் குத்திப் பேசாதிருப்பதே அரிது. பக்கத்தில் இருக்கை தருவது அதனினும் அரிது. பள்ளிவாசல் தேர்தல் முடிந்த மறுவாரம் நம் ஊர்களில் நடப்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும்.

சுற்றுப்பயணத்தின்போது ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களைக் கண்டு காரை நிறுத்தி, ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்று அவர் விசாரித்ததாகவும், சோறு கிடைத்தால் வருவோம் என்ற பொருளில் அவர்கள் பதில் சொன்னதாகவும் ஒரு செய்தி இன்றும் வழங்கிவருகிறது. அந்தச் செய்தி எப்படியாயினும், 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது மெய். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாக நின்றார். ஊரார் தந்த அரிசியும் காய்கறியும் காசும் அதில் பெரும் பங்கு வகித்தன. ஊர் மக்களே பள்ளிக்கு நாற்காலியும் கரும்பலகையும் வாங்கித் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் தொடங்கியபோது, முதல் மாநாடு கூடியது நமக்கு அண்மையிலுள்ள கடம்பத்தூரில்தான். அப்போது அதுவும் நம் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே செங்கற்பட்டு மாவட்டம். இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பணிபுரியும் பிள்ளைகளின் பாட்டனார் பலர் முதன்முதலாகப் பள்ளிப்படி ஏறியது அந்த ஆண்டுகளில்தான்.

வீட்டாரிடம் அவர் நடந்துகொண்ட விதம் சற்றுக் கடினமானது. தாயார் சிவகாமி அம்மையார் விருதுநகரிலேயே வாழ்ந்தார். முதலமைச்சரின் தாய்க்கு மாதந்தோறும் சென்றது 120 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. அதிகாரிகள் முனைந்து அவர் வீட்டிற்குத் தனியே குடிநீர்க் குழாய் அமைத்தபோது, ஊராருக்கு இல்லாதது தம் வீட்டிற்கு ஆகாது என்று அதை அகற்றச் செய்ததாகவும் கூறுவர். இதைப் புகழ்ந்தே எல்லோரும் எழுதுகின்றனர். நமக்கோ அந்த மூதாட்டியின் குடத்தை எண்ணினால் மனம் சங்கடப்படுகிறது. ஆயினும் பொதுப் பொறுப்பில் இருப்பவர் தம் உறவினரின் மனுவை மேலே வைப்பதும் கீழே வைப்பதும் ஊர் கவனிக்கும் செய்தி. அதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காகப் பதவி விலகினார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, இரு பிரதமர்கள் தேர்வில் முன்னின்றார். அவரது சொல்லும் ஒருமுறை சறுக்கியது என்பர். 1967 தேர்தலின்போது விபத்தில் காலில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தவர், படுத்துக்கொண்டே வெல்வதாகக் கூறினார் என்று பரவிய பேச்சு அவருக்குப் பெருங்கேடாயிற்று. சொந்த ஊரான விருதுநகரில், பெ. சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். தோல்விக்குப் பின் வாக்காளரைப் பழிக்கவில்லை. மக்கள் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். 1969-இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர்.

தியாகராய நகர் திருமலைப்பிள்ளை சாலையில் இருந்த வாடகை வீட்டிலேயே இறுதிவரை வாழ்ந்தார். 1975 அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாள். நண்பகல் உணவுக்குப் பின் படுத்தவருக்கு உடல் வியர்த்தது. மருத்துவரை அழைக்கச் சொன்னார். பின் உதவியாளரிடம் விளக்கை அணைத்துவிட்டுப் போகும்படி கூறிவிட்டுக் கண்ணயர்ந்தார். மருத்துவர் வந்து பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது.