தாமோதரம்பிள்ளையும் தொழிலொழுக்கமும்

தொழிலைப் பெறுதற்குக் கல்வி வேண்டுமென்பதை நம்மவர் யாவரும் அறிவர். பெற்ற தொழிலை மேன்மைப்படுத்துதற்கும் அக்கல்வியே வேண்டுமென்று உணர்ந்தோர் சிலரே. பரீட்சையிற் சித்தியெய்தி உத்தியோகத்தில் அமர்ந்த அன்றே புத்தகத்தை மூடிவைத்த மாணாக்கர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அன்னார் பொருட்டு இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

பிள்ளையவர்கள் நமது குருநகருக்கு வடகிழக்கேயுள்ள சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி பிறந்தார்கள். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் பிற கலைகளும் கற்றார்கள். மணியோசைக்கு எழுந்து மணியோசைக்கு அமரும் மிஷன் பாடசாலைப் பயிற்சி எத்தன்மையதென்பதை அதிற் பயின்ற நாமும் அறிவோம். மணி நின்றபின்னும் அவ்வொழுங்கு நிற்கின்றதா என்பதன்றோ கேள்வி?

1852இற் கோப்பாயில் ஆசிரியராயினார்கள். இரண்டாண்டு கழியுமுன் நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டார்கள். பின்னர்ச் சென்னை சென்று தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தினார்கள். சென்னைச் சர்வகலாசாலை தோன்றிய 1857ஆம் ஆண்டிலேயே அதன் முதற் பீ. ஏ. பட்டதாரிகளுள் ஒருவராயினார்கள். அவ்வளவில் அமையாது, அரசாங்கக் கணக்குச் சாலையிற் பணிபுரிந்தும், சட்டம் பயின்று 1871இற் பீ. எல். பட்டமும் பெற்றார்கள். அப்போது வயது முப்பத்தொன்பதை எட்டியிருந்தது. கற்கும் பருவம் கடந்ததென்று முப்பதிலே சோர்வார் இதனைச் சிந்திக்க.

கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்கள். இத்துணை அலுவலுக்கிடையே அவர்கள் அச்சேற்றிய நூல்களைக் காண்க: 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை, நீதிபதியாயிருந்த 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும். செல்லரித்தும் தொட்டால் முரிந்தும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பதிப்பித்த நூல்கள் இவை.

இவற்றுக்கு ஓய்வு எங்கிருந்து கிடைத்ததென்று வியப்பார் உளர். எமது கருத்து வேறு. கணக்குச் சாலையில் இலக்கந்தோறும் சரிபார்த்த கண்ணே ஏட்டில் எழுத்துத்தோறும் சரிபார்த்தது. மாறுபட்ட சாட்சிகளை நிறுத்து உண்மை காணும் நீதிபதியின் மனமே மாறுபட்ட பாடங்களையும் நிறுத்தது. தொழில் ஒன்று, தமிழ் மற்றொன்று என அவர்கள் ஒழுக்கம் இரண்டாகப் பிளவுபடவில்லை. ஒரு பணியிற் பழகிய நிதானம் மற்றப் பணிக்கும் முதலாயிற்று.

அவர்கள் பதிப்புக்களிற் பிழையே இல்லையென்று நாம் கூறோம். பொருளதிகாரத்தின் பிற்பகுதிக்கு அவர்கள் நச்சினார்க்கினியர் பெயரால் வெளியிட்ட உரை பேராசிரியருடையதெனப் பின்வந்த அறிஞர் தெளிந்தனர். அவ்வறிஞர் ஆராய்தற்குக் கையில் நூல் இருந்தது பிள்ளையவர்கள் உழைப்பினாலன்றோ? பிழைக்கு அஞ்சி வாளாவிருந்திருப்பின், திருத்துதற்கும் ஒன்றுமிராது.

குருநகர்க் கரையிலே கடற்றொழிலாளர் வலையை விரித்து, கண் கண்ணாக நோக்கி, அறுந்ததை முடிந்த பின்னரே கடலுக்குச் செல்வர். காற்று மிகுந்து தோணி தள்ளாத நாளிலும் அவர்கள் கை வலையிலேயே இருக்கும். எழுதுகோல் பிடித்துப் பிழைக்கும் நம்மவர்க்கு அவர்களிடத்துக் கற்பதற்குண்டு. சம்பளம் வரும் நாழிகை தொழிலுக்குரியது. அதன் பின்வரும் நாழிகையே தொழிலாளியை ஆக்குவது.

பிள்ளையவர்கள் 1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி சென்னையிலே தேகவியோகமாயினார்கள். அவர்கள் வகித்த உத்தியோகங்களைப் பிறர் வகித்தனர். பதிப்பித்த நூல்களோ இன்றும் அவர்கள் பெயரையே சொல்லுகின்றன. இளைஞரே, இன்று அலுவல் முடிந்தபின் உமக்கு எஞ்சும் ஒரு நாழிகையை எதற்கு ஈவீர்? நன்கு சிந்தித்து, அதனை நாளும் தவறாது ஈமின்.