வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த டாக்டர்

சாப்பிடுகிறோம். சாப்பாடு வயிற்றுக்குள் போகிறது. அங்கே என்ன நடக்கிறது?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது யாருக்கும் சரியாகத் தெரியாது. வயிறு ஒரு அடுப்பு, உணவை வேக வைக்கிறது என்றார்கள் சிலர். இல்லை, அது ஆட்டுக்கல், அரைக்கிறது என்றார்கள் வேறு சிலர். உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் பார்த்தால் அல்லவா உண்மை தெரியும்?

அப்படிப் பார்த்தவர்தான் டாக்டர் வில்லியம் போமாண்ட்.

வாத்தியார் டாக்டர் ஆனார்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் 1785-ம் ஆண்டு ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் அவர். வைத்தியக் கல்லூரி வாசலை மிதித்ததே இல்லை. கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு ஒரு டாக்டரிடம் கூடவே இருந்து தொழில் கற்றார். 1812-ல் இங்கிலாந்தோடு சண்டை மூண்டதும் பட்டாளத்தில் டாக்டராகச் சேர்ந்தார். 1820-ல் மிச்சிகனில் உள்ள மெக்கினா தீவுக் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்.

துப்பாக்கி வெடித்தது

1822-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி. தீவில் இருந்த தோல் கம்பெனியின் கடையில் ஒரே கூட்டம். திடீரென்று ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பக்கத்தில் நின்ற அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபன் சுருண்டு விழுந்தான். கனடாவில் இருந்து கூலிக்கு வந்த படகுக்காரன் அவன்.

விலா எலும்புகள் நொறுங்கின. இரைப்பையில் ஓட்டை விழுந்தது. காலையில் சாப்பிட்டது அதன் வழியே வெளியே வந்தது!

இவன் பிழைக்க மாட்டான் என்றே போமாண்டும் நினைத்தார். ஆனால் மார்ட்டின் பிழைத்தான். ஓட்டைதான் மூடவில்லை. இரைப்பையின் ஓரம் விலாப்புறத் தோலோடு ஒட்டிக்கொண்டது. வயிற்றுக்கு ஒரு ஜன்னல் வைத்தது போல ஆகிவிட்டது.

மேலும் செலவு செய்ய ஊர் அதிகாரிகள் மறுத்து, அவனைக் கனடாவுக்கே அனுப்பப் பார்த்தார்கள். போமாண்ட் விடவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்.

பட்டு நூலில் இறைச்சி

1825-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, நண்பகல். மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோஸ் ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி, ஓட்டை வழியே உள்ளே விட்டார் போமாண்ட். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் போனதும் வேக வைத்த இறைச்சியும் காணோம்!

இரைப்பையில் ஊறும் நீரைக் குழாயால் எடுத்துப் புட்டியில் ஊற்றினார். அதில் இறைச்சியைப் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தார். அங்கேயும் கரைந்தது. அடுப்பும் இல்லை, ஆட்டுக்கல்லும் இல்லை. கரைத்தது அந்த நீர்! அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருப்பதை ரசாயன நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் வயிற்றின் வேலை கெடுவதையும் டாக்டர் கண்டார்.

மார்ட்டினுக்கு ஏன் கோபம் வராது? பட்டினி கிடக்க வேண்டும். பாதி ஜீரணத்தில் உணவை வெளியே இழுப்பார்கள். வயிறு வலிக்கும். ஒரு நாள் சொல்லாமல் கனடாவுக்கு ஓடிவிட்டான். அங்கே கல்யாணம் செய்துகொண்டான். 1829-ல் மனைவியோடு திரும்பி வந்தான். 1832-ல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. சாப்பாடு, இருப்பிடம் போக ஆண்டுக்கு 150 டாலர். எழுதத் தெரியாத மார்ட்டின் ஒரு கீறல் போட்டான். உயிரைக் காப்பாற்றியவர் டாக்டர்தான். ஆனால் ஏழையின் வயிறு என்பதால்தானே இவ்வளவும் நடந்தது?

200-க்கு மேற்பட்ட சோதனைகளைப் போமாண்ட் 1833-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அமிலத்துக்குப் பூட்டு

அந்த அமிலம் மிகுந்தால் நெஞ்சு எரியும். புண் இருந்தால் ஆறாது. அமிலத்தைச் சுரக்கத் தூண்டுவது ஹிஸ்டமின் என்ற பொருள். அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள் வயிற்றில் பலிக்கவில்லை. வயிற்றில் ஹிஸ்டமின் திறக்கும் பூட்டே வேறு! அந்தப் பூட்டை அடைக்கும் மருந்தை ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக்கும் அவர் கூட்டாளிகளும் தேடிப் பிடித்தார்கள். சிமெட்டிடின் என்ற அந்த மாத்திரை 1976-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதுவரை கத்தி வைத்து அறுத்த பல வயிற்றுப் புண்கள் மாத்திரையில் ஆறின. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே இனத்தைச் சேர்ந்த பாமோட்டிடின் இன்றும் நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் கொடுக்கப்படுகிறது. புண்ணுக்குக் கிருமி காரணம் என்றால் இது மட்டும் போதாது. கிருமியைக் கொல்லும் மருந்தும் வேண்டும்.

எட்டடி ஆழம்

1834-ல் மார்ட்டின் மறுபடியும் ஊருக்குப் போனான். வரச் சொல்லிப் போமாண்ட் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார். அவன் வரவே இல்லை. 1853-ல் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட டாக்டர், அதே ஆண்டு ஏப்ரலில் காலமானார்.

வயிற்றில் ஓட்டையோடு மார்ட்டின் மேலும் 27 ஆண்டுகள் வாழ்ந்தான்! 1880-ல் அவன் இறந்ததும் டாக்டர்கள் உடலைக் கேட்டார்கள். குடும்பத்தார் கொடுக்கவில்லை. உடல் கெடும் வரை வீட்டிலேயே வைத்திருந்து, யாரும் தோண்டி எடுக்காதபடி எட்டடி ஆழத்தில் புதைத்தார்கள்.