வால்டெமர் ஹாஃப்கின்

வால்டெமர் மொர்தெகாய் ஹாஃப்கின் (மார்ச் 15, 1860 - அக்டோபர் 26, 1930) வாந்திபேதிக்கும் (காலரா) பிளேக் நோய்க்கும் தடுப்பூசி உருவாக்கி, அவற்றை இந்தியாவில் பயன்படுத்திய நுண்ணுயிரியல் அறிஞர் ஆவார். ஒரே வீட்டில் வாழ்வோரிடையே வாந்திபேதி பரவும் விதத்தையே தமது தடுப்பூசிக்கு உரைகல்லாகக் கொண்டார்.

இளமை

உருசியப் பேரரசின் ஒடெசா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் இலியா மெச்னிகோவிடம் பயின்றார். பின்னர் பாரிசில் பாஸ்டர் நிறுவனத்தில் நூலகப் பணியில் அமர்ந்து ஆய்வையும் தொடர்ந்தார். வாந்திபேதித் தடுப்பூசியை 1892 சூலை 18 அன்று முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார்.

கல்கத்தாவில் சோதனை

1893 இல் இந்தியா வந்த ஹாஃப்கின் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார். ஆனால் ஊசி உண்மையில் காக்கிறதா என்பதை நிறுவுவது எளிதாக இல்லை.

வாந்திபேதிக் கிருமி நோயாளியின் கழிவிலிருந்து நீர், உணவு வழியாகப் பிறர் குடலை அடைகிறது. 1884 இல் ராபர்ட் கோக் கல்கத்தாவின் குளமொன்றில் இக்கிருமியைக் கண்டறிந்திருந்தார். எனினும் பரவல் குளத்தோடு நிற்பதில்லை. நோயாளியின் துணியை அலசிய கையே குடத்தில் நீர் மொள்ளும்; சோறும் பரிமாறும். ஆறிய சோற்றில் கிருமி பெருகவும் செய்யும். ஆகவே வீட்டில் ஒருவர் நோயுற்றால், ஒரே பானையில் உண்போர் அனைவரும் ஏறத்தாழ ஒரே ஆபத்துக்கு உள்ளாவர்.

இதையே ஹாஃப்கின் பயன்படுத்தினார். ஊசி போட்ட ஊரைப் போடாத ஊருடன் ஒப்பிட்டால், நீரின் வேறுபாடே காரணம் என்று எவரும் மறுக்கலாம். ஒரே நீரையும் உணவையும் உட்கொள்வோரில் சிலர் மட்டும் ஊசி போட்டிருந்தால் அந்த மறுப்புக்கு இடமில்லை.

1894 மார்ச் இறுதியில் கட்டல் பாகன் என்னும் குடிசைப் பகுதியில் இருவர் வாந்திபேதியால் இறந்தனர். அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேருக்கு ஹாஃப்கின் ஊசி போட்டார். அதன்பின் 10 பேர் நோயுற்று 7 பேர் இறந்தனர். அனைவரும் ஊசி போடாதவர்கள். எண்ணிக்கை சிறியதே. ஊசிக்குத் தாமாக முன்வந்தோர் தூய்மையிலும் கவனமுடையோராக இருந்திருக்கலாம் என்ற ஐயமும் எழக்கூடும். ஆயினும் விரிவான சோதனைக்கு நிதி கிடைக்க இம்முடிவு போதுமானதாயிற்று. நகர நல அலுவலர் சிம்சன் இவருக்குத் துணைநின்றார்.

பிற்காலம்

1896 இல் பம்பாய் சென்று பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1902 இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் இசிவு நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின் மீது விழுந்தது, பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் வாதாடிய பின்னர் 1907 இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். மீண்டும் கல்கத்தாவில் பணியேற்றபோதிலும் பழைய வாய்ப்புகள் திரும்பவில்லை. பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வகத்துக்கு 1925 இல் அவரது பெயர் சூட்டப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.