உடலின் மறுப்பை அறிந்தவர்

மாங்கன்றில் வேறொரு மாமரத்தின் கிளையை ஒட்டுக்கட்டினால் அது தழைக்கிறது. மனித உடல் அவ்வாறன்று. ஒருவரது தோலைப் பிறிதொருவருக்கு ஒட்டினால், சில நாள்கள் செழித்திருந்து பின் கருகி உதிர்ந்துவிடும். இம்மறுப்பின் காரணத்தை ஆய்ந்து தெளிந்தவர் பீட்டர் மெடவார்.

லெபனானைச் சேர்ந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1915-இல் பிரேசில் நாட்டில் பிறந்த அவர், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய வீட்டிற்கு அருகே போர்விமானம் ஒன்று வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த இளம் வீரர் கடுந்தீக்காயமுற்றார். பிறர் தோலோ அவருடலில் நிலைக்காது. மருத்துவர்கள் மெடவாரின் உதவியை நாடினர். அன்று முதல் அவருடைய ஆய்வின் திசை மாறிற்று.

கிளாஸ்கோ நகர மருத்துவமனைக்குச் சென்ற மெடவார், தாமஸ் கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் இணைந்தார். அங்கே தீக்காயமுற்ற பெண்ணொருவருக்கு அவருடைய உடன்பிறந்தானின் தோல்துண்டுகளை ஒட்டினர். அவை நாளடைவில் அழிந்தன. அதே உடன்பிறந்தானின் தோலை மீண்டும் ஒட்டியபோது, முன்னினும் விரைந்து அழிந்தன. பிறர் பொருட்படுத்தாது கடந்திருக்கக்கூடிய இவ்வேறுபாட்டைத்தான் மெடவார் இறுகப் பற்றிக்கொண்டார். ஒருமுறை அம்மை கண்ட உடல் அந்நோயை நினைவில் வைத்து எதிர்ப்பதுபோல, அயலார் தோலையும் நினைவில் வைத்து எதிர்க்கிறது. ஆகவே இதுவும் நோயெதிர்ப்பாற்றலின் செயலே என உணர்ந்தார். 1943-இல் அம்முடிவு வெளியாயிற்று.

நினைவில் வைக்கக் கற்ற உடலுக்கு ஏற்கவும் கற்பிக்க இயலுமா? இவ்வினாவிற்கு விடை கன்றுகளிடமிருந்து கிடைத்தது. ஒரே உருவமில்லாத இரட்டைக் கன்றுகள் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்காது என்று எதிர்பார்த்தே ஆய்வு தொடங்கியது. அவையோ ஏற்றன! கருப்பையிலேயே அவற்றின் குருதி கலந்திருந்தமையே காரணம் என ரே ஓவன் என்பவரின் முந்தைய ஆய்வு உணர்த்தியது. அதனைப் பின்பற்றி மெடவார், பில்லிங்காம், பிரெண்ட் ஆகிய மூவரும் பிறவா எலிக்குஞ்சுகளின் உடலில் வேற்றின எலியின் உயிரணுக்களைச் செலுத்தினர். அவை வளர்ந்தபின், பழுப்பு எலியின் மேனியில் வெள்ளை எலியின் தோல் வெண்மயிரோடு நிலைத்து நின்றது. ஆண்டு 1953.

மனிதருக்கு அம்முறையை அப்படியே பயன்படுத்த இயலாது என்பது உண்மையே. எனினும், கடக்கவே முடியாத தடையன்று அது என்ற துணிவு மருத்துவ உலகிற்குப் பிறந்தது. எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகள் பின்னர் வந்தன; 1971-இல் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது.

1960-இல் ஆஸ்திரேலிய அறிஞர் பர்னெட்டுடன் மெடவார் நோபல் பரிசு பெற்றார். தம் பங்குத் தொகையைப் பரிசு பெறாத துணையாய்வாளர் இருவருடனும் பகிர்ந்துகொண்டார். பரிசினும் பெரிது அச்செயல் எனலாம். 1969-இல் எக்ஸெட்டர் பேராலயத்தில் மறைநூற்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் அவரைத் தாக்கியது. உடலின் ஒரு பக்கம் செயலிழந்த நிலையிலும், மனைவி ஜீனின் துணையோடு ஆய்வையும் எழுத்தையும் தொடர்ந்தார். 1987 அக்டோபர் 2-இல் மறைந்தார்.