மேக்பர்சன் என்று ஒருவர் இருந்தார்



ஆட்டோமொபைல் படிக்கிற நம்ம பசங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேக்பர்சன் ஸ்ட்ரட் படத்தைப் போட்டுக் காட்டிவிடுவான். பரீட்சைக்கு வருகிற கேள்வியாச்சே! ஆனால் மேக்பர்சன் என்பது ஒரு ஆளின் பெயர் என்று போன வருஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. ஏதோ கம்பெனிப் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். நான் செய்த ஒரு தப்பினால்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். தப்பைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கதை.

ஏர்ல் ஸ்டீல் மேக்பர்சன் 1891ல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1915ல் இன்ஜினியரிங் முடித்தார். டெட்ராய்ட் நகரில் சால்மர்ஸ் என்ற கார் கம்பெனியில் வேலை. முதல் உலக யுத்தத்தில் ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போய் விமான இன்ஜின் வேலை பார்த்தார். திரும்பி வந்து லிபர்ட்டி, அப்புறம் ஹப்மொபைல். இந்த மூன்று கார் கம்பெனிகளும் எப்போதோ காணாமல் போய்விட்டன. 1930களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை உலகத்துக்கு அவர் யார் என்றே தெரியாது.

1945ல் இரண்டாம் உலக யுத்தம் முடிகிற சமயம், சாதாரண ஜனங்கள் வாங்குகிற மாதிரி ஒரு சின்னக் கார் செய்ய வேண்டும் என்று செவர்லே பிரிவில் ஒரு திட்டம் போட்டார்கள். கேடட் என்று பெயர். விலை ஆயிரம் டாலருக்குள், எடை சுமார் ஆயிரம் கிலோ. தலைமை இன்ஜினியர் மேக்பர்சன். காரைச் சின்னதாக்கலாம், ஆனால் ரோட்டில் குலுங்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அப்போது முன்சக்கரத்துக்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் கிங்பின், ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. இவர் மேல் கையையே எடுத்துவிட்டார். ஷாக் அப்சார்பர் குழாயையே தூணாக நிறுத்தி, ஸ்பிரிங்கை அதைச் சுற்றிப் போட்டு, மேல்முனையை ரப்பர் மவுண்ட் வைத்து பாடியில் மாட்டினார். கீழே ஒரே ஒரு கை. ஸ்டியரிங் திருப்பினால் தூண் முழுசும் திரும்பும்.

எனக்கு இது எங்க அப்பாவைப் பார்த்துத்தான் புரிந்தது. அப்பா கமிஷன் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பாரம் தோளில் இறங்கி, முதுகு வழியாக, முழங்கால் வழியாக நேரே தரைக்குப் போகும். வேறு தாங்கல் கிடையாது. ஸ்ட்ரட்டும் அப்படித்தான்.

இதே மாதிரி யோசனையை இத்தாலியில் ஃபியட் கம்பெனியின் ஃபோர்னாக்கா என்பவர் 1920களிலேயே காகிதத்தில் போட்டு வைத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெருவாரியாகச் செய்யத் தோதான வடிவம் கொடுத்தவர் மேக்பர்சன்.

கேடட் காரின் நாலு சக்கரத்துக்கும் ஸ்ட்ரட் போட்டார். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆயிரம் டாலருக்குள் செய்து லாபம் பார்க்க முடியாது, பெரிய கார்களே நன்றாக விற்கின்றனவே என்று 1947ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இரண்டு வருஷ உழைப்பு வீண். அப்போது அவருக்கு 56 வயசு. நம்ம ஊரில் ரிட்டையர்மெண்டுக்கு நாள் எண்ணுகிற வயசு. அவர் ராஜினாமா செய்துவிட்டு ஃபோர்டு கம்பெனிக்குப் போய்விட்டார்.

அங்கே போனதும் அந்த யோசனைக்கு உயிர் வந்தது. பிரான்சில் ஃபோர்டு செய்த வெடெட் காரிலும், 1950ல் லண்டன் மோட்டார் ஷோவில் காட்டிய கான்சல், செஃபிர் கார்களிலும் ஸ்ட்ரட் ஏறியது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது கேட்ட பேட்டண்ட், ஃபோர்டில் கேட்ட பேட்டண்ட் இரண்டுமே 1953ல்தான் கைக்கு வந்தன. 1952ல் ஃபோர்டின் தலைமை இன்ஜினியர் ஆனார். கிங்பின்னை எடுத்துவிட்டு பால் ஜாயிண்ட் வைத்த முன்சஸ்பென்ஷன் 1954 ஃபோர்டு கார்களில் வந்தது இவர் காலத்தில்தான். 1958ல் ஓய்வு பெற்று, 1960 ஜனவரியில் 68 வயசில் காலமானார். அமெரிக்க ஃபோர்டில் ஸ்ட்ரட் பரவலாக வந்தது 1978 ஃபேர்மாண்ட் காரில். அவர் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து! அதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை.

நம் நாட்டில் அம்பாசடருக்கு முன்னால் டார்ஷன் பார். ஸ்ட்ரட்டைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014ல் அந்தக் கார் நின்றுவிட்டாலும் காரைக்குடி பக்கம் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படி ஒரு 800தான் என்னை மாட்டிவிட்டது. நான் லீவு நாளில் வேலை பழகுகிற ஒர்க்‌ஷாப்புக்கு, கோட்டையூரில் இருந்து பலகாரம் ஏற்றிக் கடைகளுக்குப் போடுகிற அண்ணன் ஒருவர் வந்தார். பள்ளத்தில் இறங்கினால் முன்னால் டொக் என்று சத்தம். மேஸ்திரி வெளியே போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். சத்தம் டேஷ்போர்டுக்கு அடியில், மேலே இருந்து வந்தது. டிப்ளமோ படிக்கிற பையன் என்று அந்த அண்ணன் என்னை நம்பினார். ஸ்ட்ரட் போச்சு என்று சொல்லிவிட்டேன். கடன் வாங்கி இரண்டு பக்கமும் புதுசு போட்டார். மறுநாளே திரும்பி வந்தார். அதே டொக்.

மேஸ்திரி திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொன்னார். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆட்டும்போது ஆட்டம் நின்றால் பேரிங். ஆட்டமே இல்லை. இடம் வலமாக ஆட்டினால் டை ராடு தெரியும், அதுவும் சரி. தரையில் இறக்கி, பானட்டைத் திறந்து ஸ்ட்ரட் தலையில் என் கையை வைத்து, அவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். மவுண்டும் நன்றாக இருந்தது. கடைசியில் அடியில் படுத்து, கீழ்க்கைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கும் நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினார். டொக்! புஷ் பிய்ந்து போயிருந்தது. 800ல் அந்த பார்தான் கீழ்க்கையை முன்பின் நகராமல் பிடித்திருக்கிறது. கீழே பிறந்த சத்தம் தூண் வழியாக ஏறி பாடியில் போய் அடித்திருக்கிறது. மேக்பர்சன் தூணை நேரே பாடியில் மாட்டியதன் விளைவு. படத்தை நூறு தடவை போட்டவனுக்கு இது தெரியவில்லை.

புஷ்ஷுக்கு ஆன பணம் ஸ்ட்ரட்டோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கழற்றிய பழைய ஸ்ட்ரட் இரண்டிலும் ஆயில் கசிவு கூட இல்லை. ஒர்க்‌ஷாப் மூலையில் இன்னும் கிடக்கின்றன. இப்போது யாராவது சத்தம் என்று வந்தால், நான் முதலில் வாயைத் திறப்பதில்லை. ஜாக்கியைத் தேடுகிறேன்.