கை கழுவச் சொன்ன மருத்துவர்



நோய் தீரத்தானே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்? அங்கேயே நோய் தொற்றிக்கொண்டால்? இதற்கு விடை தேடியே வாழ்ந்து மடிந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

1818-இல் ஹங்கேரியின் புடா நகரில் மளிகை வணிகர் மகனாகப் பிறந்தார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பணியேற்றார். அங்கே மருத்துவர்கள் பார்த்த வார்டில் அவ்வாண்டு 100-க்கு 11 தாய்மார் காய்ச்சலில் மாண்டனர். மருத்துவச்சிகள் பார்த்த வார்டிலோ 3 பேருக்கும் குறைவு. ஏன் இந்த வித்தியாசம்?

1847-இல் பிணப் பரிசோதனையின்போது கத்தி கீறி, அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா அதே மாதிரிக் காய்ச்சலில் இறந்தார். செம்மல்வைசுக்கு விளங்கிவிட்டது. பிணம் அறுத்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை! மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லாரையும் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆக இறங்கியது.

தங்கள் கையே கொன்றது என்பதைப் பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. 1849-இல் வேலை போயிற்று. 1865-இல் மனநோய்க் காப்பகத்தில், புண் சீழ்பிடித்து, 47 வயதில் மறைந்தார்.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுக்குழாய், சிறுநீர்க்குழாய் எத்தனை நாள் இருந்தது, யாருக்குத் தொற்று வந்தது என்று கணக்கெழுதுகிறார்கள். அது அவர் காட்டிய வழி.

வாளி சுத்தமில்லையென்றால் ரப்பர்ப்பால் கெட்டுப்போகும் என்று மரம் வெட்டியவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கையும் அப்படித்தாங்க. பத்து பாகாட் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கப் போனால், கையைக் கழுவிவிட்டுக் கட்டிலருகே செல்லுங்கள்.